மாஸ்டர் பதில்கள்: செவ்வாய் ராத்திரி மகாராஜாக்கள்

கேள்வி: மாஸ்டர், ஃபேஷன் டிசைன் படிக்கும் என் மகள் 'பிளிட்ஸ் கிட்ஸ்' பாணியில் சட்டை தைக்க வேண்டுமாம். வீடெல்லாம் லேஸும் வெல்வெட்டும். யார் இவர்கள்? இவ்வளவு அலங்காரம் பண்ணியவர்கள் ஏன் சட்டென்று காணாமல் போனார்கள்?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: முதலில் அந்த வெல்வெட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்மா. லண்டன் குளிருக்கு அது சரி. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி ரயில் ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிடும்.

இது லண்டன் கூட்டம். 1978-ல் சோஹோவில் 'பில்லீஸ்' கிளப்பில் செவ்வாய்தோறும் ராக் பாடகர் டேவிட் போவியின் பாட்டுக்கு ஆடத் தொடங்கி, 1979-ல் கோவென்ட் கார்டனில் 'பிளிட்ஸ்' என்ற ஒயின் பாருக்கு மாறினார்கள். ரஸ்டி ஈகன் இசைத்தட்டு போடுவார், ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் வாசலில் நிற்பார். அவர் பார்ப்பது பணத்தை இல்லை, உடுப்பை. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' பாடகர் மிக் ஜாகரையே திருப்பி அனுப்பினார் என்று இன்றும் சொல்வார்கள். உள்ளே வருபவர்களின் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டிருந்த பையன்தான் பின்னாளைய பாடகர் பாய் ஜார்ஜ்.

காசுக்கு எங்கே போனார்கள்? பலர் கலைக்கல்லூரி மாணவர்கள், சிலருக்கு வேலையே கிடையாது. ஆளில்லாத வீடுகளில் புகுந்து குடியிருந்தவர்களும் உண்டு. பழைய துணிக்கடையில் பொறுக்கியதை வெட்டித் தைத்து, பாதிரியார் அங்கி, கடற்கொள்ளையன் சட்டை, முகத்தில் வெள்ளைப் பவுடர், ஆணுக்கும் உதட்டுச்சாயம் என்று கிளம்பினார்கள். என் கண்ணுக்கு அதில் பாதி கச்சாத் தையல்தான். ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் போட மாட்டார்.

அது விழுந்தது ஜெயித்ததால். 1980-ல் போவியே நேரில் வந்து, ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் சிலரையும் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டு வீடியோவுக்கு அழைத்துப் போனார். பிளிட்ஸில் வாசித்த ஸ்பாண்டாவ் பாலே இசைக்குழு பாட்டுத் தரவரிசையில் ஏறியது. 1982-ல் பாய் ஜார்ஜின் கல்ச்சர் கிளப் குழுவுக்குப் பிரிட்டனில் முதலிடம். ஃப்ரில் சட்டை ரெடிமேடாகத் தொங்க ஆரம்பித்தால், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்தவனுக்கு அதில் என்ன ருசி? சிலரை ஹெராயினும் பிடித்துக்கொண்டது. உங்கள் மகள் அதையும் மறைக்காமல் எழுதட்டும். அந்தக் கூட்டத்தில் தொழிலை விடாமல் பிடித்த ஸ்டீஃபன் ஜோன்ஸ் பின்னால் இளவரசி டயானாவுக்கே தொப்பி செய்தார்.

அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. 1980களின் நடுவில் ஆர்ச்சர்ட் ரோட்டில் சென்டர்பாயின்ட் கடைத்தொகுதியில் கூடிய 'சென்டர்பாயின்ட் கிட்ஸ்' பையன்கள் பத்திரிகைப் படத்தைக் கிழித்துக்கொண்டு தேக்காவில் என் கடைக்கு வருவார்கள். "அங்கிள், தோளுக்கு ரெண்டு பேட் வைங்க" என்பான் மகன். மறுநாள் அம்மா வந்து பிரிக்கச் சொல்வார். இரண்டுக்கும் கூலி வாங்கியிருக்கிறேன்!

மகள் மெல்லிய மல் துணி வாங்கட்டும். ஃப்ரில்லுக்கு இரண்டரை மடங்கு நீளம் வெட்டணும். ஒன்றரை மடங்கில் கஞ்சத்தனம் பண்ணினால் சுருக்கம் நிற்காது.

கேள்வி: நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று இங்கே அரசாங்க அலுவலகங்களில் எழுதி வைத்திருந்தார்களாமே, நிஜமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: நிஜம்தான், 1970களில். போஸ்டரில் படமே உண்டு: முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, பின்முடி காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. 1972-ல் லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரியே அவர்கள் நீள முடியால் ரத்தானது. அப்போது நான் கடையில் எடுபிடி. காலரை உயர்த்தித் தைக்கச் சொல்லி, முடியை உள்ளே ஒளித்துக்கொண்டு போன அண்ணன்மார்களைப் பார்த்திருக்கிறேன்.