டிரை ராக் போட்ட கடல்நீர் டேங்கில் கோரலைன் பாசி வரவே இல்லை, கால்சியத்தை இன்னும் ஏற்றலாமா?

ஏற்ற வேண்டாம். கோரலைன் என்பது பாறையில் ஊதாவாக, சுண்ணாம்பு ஓடுபோல் படியும் பாசி. அதற்கு உங்கள் டேங்கில் இருக்கும் 430 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 430 பங்கு) கால்சியமே தாராளம். டேங்க் போட்டு 5 மாதம் ஆகிறது, பாறை இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது என்கிறீர்கள். டிரை ராக் காய்ந்த பாறை, அதில் உயிர் எதுவும் இருக்காது. உறை ஊற்றாத பால் தானாகத் தயிராகாது, இதுவும் அப்படித்தான். பழைய டேங்க் வைத்திருக்கும் யாரிடமாவது ஊதா படிந்த சின்னக் கல்லோ, ஓட்டில் கோரலைன் ஏறிய டர்போ நத்தையோ கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் சுரண்டிய தூள் கிடைத்தால்கூடப் போதும், நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டுக்கு முன்னால் விட்டால் டேங்க் முழுக்கப் பரவிவிடும். வாங்குமுன் அவர் டேங்கில் ஐப்டேசியா (களைபோல் பெருகும் கடல் சாமந்தி) இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்திலிருந்து லைவ் ராக் (கடலில் உயிரோடு எடுக்கும் பவளப்பாறை) எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தொடவே தொடாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன, அந்தக் கடல் பட்டது போதும்.

அப்புறம், ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கோரலைன் தன் செல் சுவரில் படிய வைப்பது கால்சியம் கார்பனேட், கூடவே கணிசமாக மெக்னீசியம். இதில் கால்சியம் கடல் நீரில் நிறையவே இருக்கிறது, சீக்கிரம் இறங்குவது ஆல்கலினிட்டிதான். இன்று 7, நாளை 10 என்று ஆடுவதைவிட 8 டி.கே.எச்.சில் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல். மெக்னீசியம் 1300 பி.பி.எம். பக்கம் இருக்கட்டும், அது குறைந்தால் நீங்கள் ஊற்றுகிற கால்சியமும் கார்பனேட்டும் பாசிக்குப் போகாமல் ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். பவளம் அதிகம் இல்லாத டேங்க் என்றால், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகக் கால்க்வாசரை (தெளிந்த சுண்ணாம்பு நீர்) சொட்டுச் சொட்டாக விட்டாலே கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டும் சரியாகிவிடும். மொத்தமாக ஊற்றினால் பி.எச். எகிறிவிடும், ஜாக்கிரதை.

பாஸ்பேட்டையும் பாருங்கள். அது ஏறினால் சுண்ணாம்பு படிவது தடைபடும், அந்த இடைவெளியில் பச்சைப் பாசி பாறையைப் பிடித்துக்கொள்ளும். எல்.இ.டி. விளக்கை முழு வெளிச்சத்தில் எரிய விடாதீர்கள், நிறைய கோரலைன் வகைகளுக்கு மங்கல் வெளிச்சம்தான் பிடிக்கும்.

முதலில் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பின்பக்கக் கண்ணாடி, பம்பின் பிளாஸ்டிக், பாறையின் நிழல் பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும், பிறகு வட்டமாக விரியும், ஓரம் மட்டும் வெளிறி இருக்கும். நகத்தால் தேய்த்தால் வராது, பிளேடு வைத்தால் நறுக்கென்று சில்லாகப் பெயரும். கொழகொழவென்று ஏடாக உரிந்து வந்தால் அது கோரலைன் இல்லை, சயனோ என்ற பாக்டீரியாப் படலம்.

கோரலைன் பிடித்துக்கொண்டதும் ஆல்கலினிட்டி முன்பைவிட வேகமாக இறங்கும், வாரம் ஒரு முறையாவது டெஸ்ட் செய்யுங்கள். அர்ச்சின் (கடல் முள்ளெலி) மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள், அது கோரலைனையே சுரண்டித் தின்றுவிடும்.