பூச்சி வாசனை படித்தால் வேலை உண்டா? ஒரு மாந்தோப்புக்காரருக்குப் பதில்

வணக்கம் ஐயா. போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு, மகள் ப்ளஸ் டூ எழுதப் போகிறாள், ஐரோப்பாவில் காடு காடாக மரங்களைச் சாகடிக்கும் பட்டை வண்டுகளைப் பற்றிய காணொளியைப் பார்த்ததிலிருந்து "பூச்சிங்க வாசனையில பேசிக்கிறதத்தான் படிப்பேன்" என்று நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு படிப்பு உண்டா, அது சோறு போடுமா என்பது உங்கள் கவலை. படிப்பு உண்டு. சோறும் போடும், ஆனால் தாமதமாகப் போடும். அதுவும் வேதியியலைக் கெட்டியாகப் பிடித்தவர்களுக்குத்தான்.

அந்தக் காணொளியில் நடப்பது இதுதான். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையை முதலில் ஆண் வண்டுதான் குடையும். மரம் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளப் பார்க்கும். அந்தப் பிசினில் உள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற பொருளையே வண்டு தன் உடலுக்குள் சிஸ்-வெர்பினால் ஆக மாற்றி, தானே தயாரிக்கும் இன்னொரு ஆல்கஹாலோடு சேர்த்துக் காற்றில் விடும். சுற்றுவட்டத்து வண்டுகள், ஆணும் பெண்ணுமாக, ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கும். மரத்தின் பிசின் தீர்ந்ததும் கதை முடிந்தது. பட்டைக்கடியில் கூட்டம் நெரிந்த பிறகு வெர்பினோன் என்ற வேறொரு வாசனை எழும். அதற்கு "இடமில்லை, வேறு மரம் பார்" என்று பொருள். இந்த வாசனைகளின் பெயரைக் கண்டுபிடித்து, ஆய்வகத்தில் செய்து, பொறியில் வைப்பதுதான் இந்தத் துறை.

இனி மகள் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் பக்கத்துச் சித்தேரி, மேலகிரி மலைகளில் ஸ்ப்ரூஸ் கிடையாது. அந்த வண்டைத் தேடிக்கொண்டு இங்கே வேலை வராது. அதே குடும்பத்து வண்டு ஒன்று காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. காப்பிக் காய்த்துளைப்பான் 1990-ல் நீலகிரியில்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. எத்தனாலும் மெத்தனாலும் கலந்த பொறிக்கு அது வரும். மத்தியப் பிரதேசத்துச் சால் மரக் காடுகளில் துளைப்பான் வண்டைப் பிடிக்க இன்றும் மரத்தை வெட்டிப் பட்டையை நசுக்கிப் போடுகிறார்கள். சாற்றின் வாசனைக்கு வண்டு வரும், ஆட்கள் பொறுக்குவார்கள். சாறு காய்ந்தால் வராது, திரும்ப நசுக்க வேண்டும். தென்னையில் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு இரண்டுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கடையிலேயே கிடைக்கிறது. உங்கள் தோப்பில் பழ ஈ. ஆக, காட்டுப் பூச்சியில் ஆரம்பித்தாலும் சம்பளம் பெரும்பாலும் தோப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும்தான் வரும். இதைச் சொல்லி அவள் ஆசையைக் குறைக்க வேண்டியதில்லை, தெரிந்தே வரட்டும்.

வேதியியலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், வாசனையைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பதே வேதியியல் வேலைதான். உலகில் முதன்முதலாக அடையாளம் கண்ட பூச்சிப் பெரோமோன் (ஒரே இனப் பூச்சிகள் தங்களுக்குள் பேசும் வாசனைப் பொருள்) உங்கள் பக்கத்து விவசாயிகள் வளர்க்கிற அதே பட்டுப்புழுவினுடையது. 1959-ல் ஜெர்மனியில் வேதியியலாளர் பூட்டனான்ட்டின் குழு சுமார் 5 லட்சம் பெண் அந்துப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே அதைப் பிரித்தெடுத்தது. இன்று அவ்வளவு தேவையில்லை. ஒரு பூச்சியின் உணர்கொம்பை வெட்டி இரண்டு மின்முனைகளுக்கு இடையே பொருத்தி, வாசனைக் கலவையை ஜிசி கருவியில் ஒவ்வொரு பொருளாகப் பிரித்து அதன்மேல் ஊதினால், எந்தப் பொருளுக்குக் கொம்பு துடிக்கிறது என்று திரையில் கோடு காட்டும். ஆனால் கொம்பு அதிக நேரம் உயிரோடு இருக்காது. மாதிரி எடுத்த பையில் பிளாஸ்டிக் வாசனை ஏறியிருந்தாலும் கையில் சென்ட் இருந்தாலும் அன்றைய வேலை வீண். ஒய் வடிவக் கண்ணாடிக் குழாயில் பூச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் சோதனையிலும் இதே தொல்லைதான். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் அதிகமானால் பூச்சி வாசனைக்குப் போகாமல் வெளிச்சத்துக்குப் போகும். அதனால்தான் சில பூச்சிகளைச் சோதித்து முடித்த ஒவ்வொரு முறையும் குழாயைப் பக்கம் மாற்றித் திருப்பி வைப்பார்கள். இந்த மாதிரி நுணுக்கத்தில் சலிப்பு வராத பிள்ளைதான் இதில் நிற்கும்.

அவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். தேர்வு முடிந்து ஏப்ரல், மே. காய் முற்றும் காலம், ஈ பெருகும் காலம். உரக்கடையில் பழ ஈப் பொறிக்கான மெத்தில் யூஜினால் கட்டை கேளுங்கள். தோப்புக்காரர்கள் தாங்களே செய்வதென்றால் எத்தில் ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் என்ற பூச்சிமருந்து மூன்றையும் 6:4:1 என்று கலந்து ஒட்டுப்பலகைத் துண்டை இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். பிள்ளை செய்யும் சோதனைக்கு மருந்து வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியில் எதிரெதிரே இரண்டு துளை, அடியில் சோப்பு கரைத்த தண்ணீர் நாலு விரல் உயரம், மூடியிலிருந்து தொங்கும் கட்டை. அவ்வளவுதான்.

முக்கியம் இதுதான்: மூன்று வகை பாட்டில் வேண்டும். ஒன்றில் மெத்தில் யூஜினால் கட்டை, ஒன்றில் ஆல்கஹாலில் மட்டும் ஊறிய கட்டை, ஒன்றில் வெறும் கட்டை. ஒவ்வொரு வகையிலும் நான்கு பாட்டில். எல்லாம் ஐந்தடி உயரத்தில், நிழலில், ஒன்றுக்கொன்று முப்பது மீட்டராவது தள்ளி. வாரம் ஒருமுறை எண்ணிவிட்டு இடத்தை மாற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஈ வந்தது வாசனைக்கா, நல்ல நிழலுக்கா என்று சொல்ல முடியாது. வெறும் கட்டையைத் தொட்ட பிறகே மெத்தில் யூஜினாலைத் தொட வேண்டும். வரிசை மாறினால் வெறும் கட்டையும் ஈ பிடிக்கும்! பெரும்பாலான பள்ளி ப்ராஜெக்டுகள் கெடுவது இந்த இடத்தில்தான். பொறியில் விழுவது எல்லாம் ஆண் ஈ. பாட்டில் நிறைகிறது, பழத்தில் புழு குறையவில்லையே என்று நீங்களே கேட்பீர்கள். அதற்கான பதிலை அவள் தேடட்டும்: மிஞ்சிய ஆண்கள் எத்தனை, பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் பெண் ஈக்கள் எத்தனை, கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிக் குழியில் புதைத்தீர்களா. ஆறு வாரக் கணக்கை நோட்டில் ஒழுங்காக எழுதி முடித்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

வழி இரண்டு. ஒன்று, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் நான்காண்டு பி.எஸ்சி. வனவியல். நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்ட கட் ஆஃப்தான். பிறகு எம்.எஸ்சி.யில் பூச்சியியல் பக்கம் போகலாம். மற்றொன்று, உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. கரிம வேதியியல். இந்த இரண்டாவது வழியைப் பலரும் தாழ்வாக நினைக்கிறார்கள், நாங்கள் நினைப்பதில்லை. பெரோமோனைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஐதராபாத், பெங்களூரு நிறுவனங்களில் தட்டுப்பாடு உண்டு. இதில் ஒரு மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவம் மாறினாலே பல பூச்சிகள் திரும்பிப் பார்க்காது. வேதியியல் துணைப்பாடம் இல்லாத விலங்கியலை மட்டும் எடுக்க வேண்டாம்.

ஆராய்ச்சிக்குப் போனால் கோவை வன மரபியல் நிறுவனம், பெங்களூரு மர அறிவியல் நிறுவனம், கேரளத்துப் பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் ப்ளஸ் டூவிலிருந்து பிஎச்.டி. முடிய பத்து வருடம் போகும். அதுவரை காத்திருக்க முடியாத வீடென்றால், எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் பிரித்த பொருள் எது என்று அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியைக் கையாளத் தெரிந்தவளுக்கு மாம்பழக் கூழ் ஏற்றுமதிக்கு மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்களிலும், ஓசூர், பெங்களூரு மருந்துக் கம்பெனிகளிலும் இடம் உண்டு. அதனால்தான் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் அந்தக் கருவியில் நேரடியாக உட்கார வைப்பார்களா என்று சேரும்போதே கேட்கச் சொல்கிறோம். காட்டில் அலையும் வேலையே பிடித்தால், இந்திய வனப்பணித் தேர்வுக்கு வனவியலும் தகுதி, வேதியியலும் தகுதி.

கவுன்சலிங்கில் வனவியல், வேளாண்மை, தோட்டக்கலை, பட்டுவளர்ப்பு என்ற வரிசையில் விருப்பம் கொடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்று தனியார் கல்லூரியில் லட்சங்கள் கேட்டால், அந்தக் கல்லூரியின் வேளாண் படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கட்ட வேண்டாம். இல்லாவிட்டால் பிறகு மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொள்வாள். கலைக் கல்லூரி விண்ணப்பத்தையும் அதே மே மாதத்தில் போட்டு வையுங்கள். கவுன்சலிங் முடிவு தெரிந்த பிறகு போகலாம் என்றால் வேதியியல் இடம் நிரம்பியிருக்கும்.