எனக்குத் தெரிகிற நிறம் அவருக்குத் தெரியவில்லை

அன்புள்ள மேடம்,

வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். நிறம் என்று வந்தால் என் கண் கொஞ்சம் கூர்மை. துணிக்குப் பொருத்தமான நூல் இதுதான் என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் லேசாகப் பச்சை அடிப்பது எனக்குத் தெரியும். எல்லோரும் கறுப்பு என்று சொல்லும் இரண்டு பேண்ட்டில் ஒன்று பழுப்பு ஓடிய கறுப்பு, இன்னொன்று நீலம் ஓடிய கறுப்பு. இதுவரை இது பெருமையாகத்தான் இருந்தது.

ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தபோது ஒரு சுவரில் பாதி முடிந்ததும் டப்பா தீர்ந்துவிட்டது. அதே நிறம் என்று வேறொன்று வாங்கி மீதியை முடித்தார்கள். இரண்டு பாதியும் எனக்குத் தனித்தனியாகத் தெரிகிறது. கணவர் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தார். "ஒண்ணாத்தானே இருக்கு" என்கிறார். மறுபடி அடிக்கச் செலவாகுமே என்று மழுப்புகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நானும் விடவில்லை. காலை வெயில் விழும்போதெல்லாம், "இப்போ பாருங்க, இப்பவுமா தெரியலை?" என்று கூப்பிடுகிறேன். அவரோ உறவினர் வந்தால், "எங்க வீட்டு எக்ஸ்ரே கண்ணு" என்று என்னைக் காட்டிச் சிரிக்கிறார். எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

இணையத்தில் ஒரு வண்ணப்பட்டையில் எத்தனை நிறம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லும் சோதனை இருந்தது. செய்தேன். கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல் நான்கு வகை உள்ள அபூர்வமான ஆள் நீங்கள் என்று முடிவு வந்தது. அப்படியென்றால் நான் பார்ப்பதை இந்த வீட்டில் யாருமே பார்க்கப்போவதில்லையா? அதை நினைத்தால் தனியாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் அப்பாவுக்குப் பழுப்பும் பச்சையும் கொஞ்சம் குழம்பும். போன மாதம் பள்ளியில் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பரிசோதனை நடந்தது. 8 வயதுப் பையனுக்கும் தாத்தா மாதிரியே என்று சொல்லிவிட்டார்கள். அது வேறு விஷயம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த இணையச் சோதனையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். செல்போனோ கணினியோ, திரை எதுவானாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியைக் கலந்துதான் எல்லா நிறத்தையும் காட்டுகிறது. மூன்று வகைக் கூம்பு செல் உள்ள சாதாரணக் கண்ணுக்கென்று செய்த ஏற்பாடு அது. நான்காவது வகை உண்டா இல்லையா என்று அது சொல்ல முடியாது. 2015இல் இப்படி ஒரு பட்டை உலகமெல்லாம் சுற்றியது. மனிதர்களில் கால்வாசிப் பேருக்கு நான்கு கூம்பு என்று கூசாமல் சொன்னது.

ஆனால் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதை அப்படி ஒதுக்க முடியாது. சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றுதான். அந்த ஒன்று அப்படியே மகளுக்குப் போகும். அம்மாவிடமிருந்தும் உங்களுக்கு ஒன்று வந்திருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இந்த இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும் என்பதால், விழித்திரையில் சில கூம்புகள் அம்மா வழி, சில அப்பா வழி. அப்பாவின் குறை மிதமான வகை என்றால், அதாவது ஒரு கூம்பு இல்லாமல் போகாமல் அது எந்த நிற ஒளியை அதிகம் உணரும் என்பது மட்டும் சற்று மாறியிருந்தால், உங்கள் கண்ணில் நான்கு வகை சேர்ந்திருக்கலாம். 1948லேயே டி விரிஸ் என்ற டச்சு விஞ்ஞானி இதை ஊகித்தார்.

நான்கு வகை இருந்துவிட்டால் நான்கையும் மூளை பயன்படுத்திவிடும் என்பதில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ஜோர்டனும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பச்சைக் கூம்பின் உணர்திறன் இப்படி மாறிய மரபணுவைச் சுமப்பது உறுதியான 24 பெண்களில் ஒரே ஒருவர்தான் எல்லாச் சோதனையிலும் நான்கு வகையையும் பயன்படுத்திப் பார்த்தார். நீங்களும் அப்படி ஒருவராக இருக்கலாம். நூலும் துணியுமாகப் பழகிப் பழகிக் கண் தேர்ந்திருக்கலாம் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் சின்ன விஷயமில்லை.

சரி, சுவருக்கு வருவோம். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒரே எண் போட்ட பெயிண்ட்டாக இருந்தாலும் கலவைக்குக் கலவை லேசாக மாறும். நிறமிகள் வேறாக இருந்தால் குழல்விளக்கில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் பிரிந்துவிடும். தையல்காரர்கள் நூலை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பது அதனால்தானே?

ஆனால் உங்கள் கணவரும் பொய் சொல்லவில்லை. ஜோர்டன் குழுவின் சோதனையைப் போன்ற சோதனைகளில் ஒரு பக்கம் தனி மஞ்சள்-ஆரஞ்சு ஒளி, இன்னொரு பக்கம் சிவப்பும் பச்சையும் கலந்த ஒளி இருக்கும். இரண்டும் முற்றிலும் வேறு. அளவைச் சரியாக வைத்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியே ஒன்று. உற்றுப் பார்த்தாலும், அக்கறையோடு பார்த்தாலும் மாறாது. நீங்கள் காலையில் கூப்பிட்டுக் காட்டும்போது அவர் நிலையும் கிட்டத்தட்ட இதுவாக இருக்கலாம். மழுப்ப நினைக்கிறவர் விளக்கைப் போட்டு அணைத்துப் பார்க்கும் அளவுக்கு மெனக்கெட மாட்டார், அம்மா.

அவர் கேலி செய்வது வேறு. அதைச் சுவரோடு சேர்க்காமல் தனியாகச் சொல்லுங்கள். "உங்களுக்குத் தெரியலைன்னா பரவாயில்லை, நாலு பேர் முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிக்காதீங்க" என்று நேராகவே சொல்லலாம். அவர் ஒத்துக்கொண்டால்தான் உங்கள் கண் உண்மை என்று ஆகாது. அந்தச் சான்றிதழை அவரிடம் கேட்பதை நிறுத்தினாலே வீட்டில் பாதிச் சத்தம் குறையும். மூலைக்கு மூலை அந்த ஒரு சுவரை மட்டும் ஒரே கலவையில் அடிக்கச் சொல்லி முடித்துவிடுங்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்.

அப்புறம், பையனைப் பற்றி "அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். அது வேறு இல்லை. உங்கள் கண்ணுக்குக் கூடுதலாக ஏதாவது கிடைத்திருந்தால் அதைக் கொடுத்ததும், அவனுக்குக் குழப்பத்தைக் கொடுத்ததும் ஒரே மரபணுதான். இதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ வந்ததில்லை. இந்த வருத்தத்தை எடுத்துப் பேச முடியாமல்தான் சுவரோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறீர்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். தவறாகவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். "இப்பவுமா தெரியலை?" என்று நீங்கள் அவரிடம் கேட்பது அவன் காதிலும் விழுகிறது. இதைக் காட்டி, அதைக் காட்டி, இது என்ன நிறம் என்று அவனைச் சோதிக்க வேண்டாம். வருகிற விருந்தினரும் சோதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை ஒட்டிக் கொடுங்கள். வரைபடத்தில் நிறத்தோடு எழுத்தோ கோடோ சேர்த்துக் குறிக்கும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

பள்ளியில் செய்தது முதல்கட்டச் சோதனைதான். அவனோடு கண் மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் உங்கள் அப்பாவையும் கூட்டிப்போங்கள். அனோமலாஸ்கோப் என்ற கருவி உள்ள இடமாக இருந்தால் குறை எந்த வகை என்று தெளிவாகத் தெரியும். உங்கள் நான்காவது கூம்பு பற்றிய கேள்விக்கும் துப்பு அங்கேதான் கிடைக்கும்.