பயிற்சியில் எட்டு, மேட்சில் நான்கு
ஆடுகளமும் மனசும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மாவட்ட பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறேன். வயது 17. பயிற்சியில் பத்து ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று ரிங்கில் போடுவது) போட்டால் எட்டு விழும். மேட்சில் நான்கு விழுந்தாலே பெரிது. "கவனமா போடுடா" என்று கோச் கத்தினால் இன்னும் மோசமாகிறது. (மதுரை வாசகர்)

பதில்: கோச் நல்லதற்குத்தான் கத்துகிறார். ஆனால் கெடுப்பதே அந்தக் 'கவனம்'தான். ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் பழகிய த்ரோவைக் கை தானாகவே செய்துவிடும். பயம் வந்ததும் மூளை குறுக்கே புகுந்து முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. படியிறங்கும்போது அடுத்து எந்தக் கால் என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும். 1992-ல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் புதியவர்கள் சிலருக்கு கோல்ஃப் பட்டிங் (பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விழவைப்பது) கற்றுக்கொடுத்தார். நுணுக்கங்களை விதி விதியாகப் படித்துப் பழகியவர்கள் நெருக்கடியில் தடுமாறினார்கள். விதி எதுவும் தெரியாமல், வேறு வேலையில் மனத்தை வைத்துக்கொண்டே பழகியவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஆகவே மூளைக்கு வேறு சின்ன வேலை கொடுக்க வேண்டும். சர்வதேச விதிப்படி நடுவர் பந்தைத் தந்ததிலிருந்து 5 விநாடிக்குள் அது உங்கள் கையைவிட்டுப் போக வேண்டும். அதற்குள் அடங்கும் ஒரு வழக்கத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பந்து வருமுன்பே ஒரு நீண்ட மூச்சை வெளியே விட்டு, தோளை இறக்கிவிடுங்கள். பந்து வந்ததும் தரையில் இரண்டு தட்டு. பிறகு ரிங்கின் முன்விளிம்பில் ஒரே ஒரு புள்ளியை ஏறக்குறைய ஒரு விநாடி அசையாமல் பாருங்கள். நன்றாகப் போடுகிறவர்களின் பார்வை எறிவதற்கு முன் அப்படித்தான் நிலைத்து நிற்கிறது என்று ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்திருக்கிறார். மனசுக்குள் ஒரே சொல், 'சீரா' என்றோ 'மேலே' என்றோ. உடனே எறியுங்கள். பந்து வந்ததிலிருந்து எல்லாம் சேர்ந்து 4 விநாடிக்குள் முடிகிறதா என்று நண்பரை போனில் நேரம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு தவறிவிட்டால் தட்டுகளை நான்காக்கிப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். இது ராசி பார்க்கிற விஷயம் இல்லை. 'சீக்கிரம் தொலையட்டும்' என்று அவசரமாக எறிவதும் இதே அளவு கெடுதல். விசில் ஊதிய மறுகணமே உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று கால்பந்து பெனால்டிகளை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள்.

பயிற்சி முறையையும் மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து 50 போட்டால் பத்தாவது பந்துக்குள் கை அளவு பிடித்துவிடும். உங்கள் 'பத்துக்கு எட்டு' அப்படி வந்த கணக்கு. மேட்சில் கிடைப்பது இரண்டுதான், அதுவும் மூச்சிரைக்கும்போது. ஆகவே ஒவ்வொரு ட்ரில்லுக்கும் நடுவே கோர்ட்டின் நீளத்துக்கு இரண்டு தடவை ஓடிவிட்டு, இரண்டே இரண்டு போடுங்கள். நாளைக்கு இப்படி பத்து ஜோடி. கடைசி ஜோடி, அணி முழுவதும் சுற்றி நின்று கூச்சல் போடும்போது. விழுந்ததை நோட்டில் குறித்து வையுங்கள். முதல் இரண்டு வாரம் கணக்கு இறங்கும், பயப்பட வேண்டாம். கோச்சிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'கவனமா'வுக்குப் பதில் உங்கள் சொல்லையே அவரும் சொல்லட்டும்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். மேடையேறுமுன் வாய் உலர்ந்து, முதல் பத்து நிமிஷம் குரல் நடுங்குகிறது. ப்ரொப்ரனலால் மாத்திரையில் பாதி போட்டுக்கொள் என்கிறாள் தோழி. போடலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: தோழி சொன்னதற்காகப் போட வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர்களுக்கு மயக்கம் வரும். டாக்டர் பார்த்து எழுதித் தந்தால் மட்டும் சரி, அப்போதும் முதல் மாத்திரை கச்சேரி நாளில் வேண்டாம். (துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இது தடை செய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜாங்-சு இரண்டு பதக்கங்களைப் பறிகொடுத்தது இதனால்தான்.)

படபடப்பை அடக்கப் பார்க்காதீர்கள். அதற்குப் பெயரை மாற்றுங்கள். 'பயமாக இருக்கிறது' என்பதை 'பாடத் துடிக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். 2014-ல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடுமுன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்கள், 'பதற்றமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றையேதான் செய்கிறது. துடிப்பு ஏறும், உள்ளங்கை வேர்க்கும். அதை ஒரேயடியாக அமைதியாக்குவதைவிட உற்சாகமாகத் திருப்புவது சுலபம்.

மூச்சு: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிஷம். மேடைக்குப் பின்னால் போய் முதல் தடவையாகச் செய்தால் பலன் இருக்காது, தலைதான் சுற்றும். இரண்டு வாரம் முன்பிருந்து தினமும் தம்பூரா சுருதியோடு பழகுங்கள். பிறகு அந்தச் சுருதி காதில் விழுந்தாலே உடம்பு தணியத் தொடங்கும். வாய் உலர்வது பதற்றத்தில் எச்சில் வற்றுவதால். வெதுவெதுப்பான நீரை வாய்க்குள் சற்று வைத்திருந்து விழுங்குங்கள். வர்ணத்தோடு ஆரம்பிக்கும் நம் வழக்கமே குரலுக்கு வழிவிடும் ஏற்பாடுதான். போன வாரம் பாடமான வர்ணத்தை அங்கே வைக்காதீர்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிறதை வையுங்கள்.

கேள்வி: நீளம் தாண்டுகிறேன். 'மனக்கண்ணில் பார்' என்கிறார்கள். கண்ணை மூடினால் பலகையைத் தாண்டி மிதித்து ஃபவுல் ஆவதுதான் தெரிகிறது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: 'ஃபவுல் ஆகக் கூடாது' என்று நினைத்தபடி கண்ணை மூடினால் அதுதான் தெரியும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அது வந்து நிற்கும் என்பதை 1987-லேயே டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டிவிட்டார். நடக்க வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: 'கடைசி இரண்டு காலடி வேகம், தலை நிமிர்வு'.

படுக்கையில் வேண்டாம். ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு, ஓடுபாதையில் உங்கள் குறியில் நின்றபடி செய்யுங்கள். டிவியில் உங்களைப் பார்ப்பதுபோல் வேண்டாம். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பலகை, காதில் விழுகிற காலடிச் சத்தம், உள்ளங்காலில் படும் பாதை, இவை வரட்டும். ஃபவுல் வந்தால் காட்சியை நிறுத்தி, பலகைக்கு நான்கு காலடி முன்னால் திருப்பி, மெதுவாக ஓட்டி, காலைச் சரியாக வைத்துத் தாண்டி முடியுங்கள். அடுத்த தடவை முழு வேகம். நிஜ ஓட்டத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து, மனசில் ஓடியதையும் அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் மனசில் பாதி நேரத்தில் ஓடி முடித்துவிடுவார்கள், அதனால் தாளம் பழகாது. மூன்று நிமிஷம், ஐந்து தாண்டல் போதும். ஆனால் மனக்கண்ணால் ரன்-அப் (பலகைவரை ஓடிவரும் தூரம்) அளவு சரியாகாது. குறி தப்பாக இருந்தால் டேப்பை எடுத்து அளந்து மாற்றுவதுதான் வைத்தியம்.

கேள்வி: ஒன்பது வயது மகன் செஸ் ஆடுகிறான். ஒரு சுற்றில் தோற்றால் அழுது, அடுத்ததையும் தோற்கிறான். (ஈரோடு, ஒரு தாய்)

பதில்: அழட்டும். பத்து நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். பிறகு தண்ணீர், வாழைப்பழம், ஒரு நடை. இரண்டு சுற்றுக்கு நடுவே தோற்ற ஆட்டத்தை போனில் இன்ஜின் (நகர்வுகளை அலசும் செஸ் மென்பொருள்) போட்டுக் காட்டாதீர்கள், அது ராத்திரிக்கு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே டிங் லிரெனிடம் தோற்றார், டிசம்பர் 12 அன்று 7.5–6.5 என்று பட்டம் வென்றார். அவருக்கும் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் இருந்தார் என்பதை மகனிடம் சொல்லுங்கள். 'ஜெயிச்சியா?' என்பதை மட்டும் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், விளையாட்டே வெறுத்துவிட்டால் இந்தப் பயிற்சிகள் போதாது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.