செவிலியரின் வேலை ஊசி போடுவதோடு முடிந்துவிடுகிறதா?

"மருத்துவர் எழுதிக்கொடுப்பதைச் செய்வதுதான் செவிலியரின் வேலை, ஏற்றத்தாழ்வால் ஏழைகளுக்கு வரும் உடல்நலக் கேட்டை அவர் எப்படிச் சரிசெய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் செவிலியர் கல்லூரி மாணவியாக இருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். ஆலங்குளம் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் பகுதியில் கருவுற்று வரும் பெண்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். கடையில் கொடுக்கும் பீடி இலையை வாங்கி வந்து வீட்டில் சுற்றிக் கொடுத்தால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களில் ஒருவருக்கு ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7.2 கிராம் இருந்தது. கருவுற்றவருக்கு அது 11-க்குக் குறையக் கூடாது. இரும்பு சுக்ரோஸ் மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னோம். ஒரு முறை வந்தவர் பிறகு வரவில்லை. 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதி மூடிவைக்க யாருக்கும் தடையில்லை. நான் வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றும் சொளகை (முறத்தை) மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர், "மருந்து ஏத்த வந்தா அன்னைக்குப் பீடி யாரு சுத்துவா சிஸ்டர்? கணக்குக் குறைஞ்சா கடையில இலையைக் குறைச்சிருவாவ" என்றார். காலைச் சாப்பாட்டை மதியத்துக்குத் தள்ளிவிட்டு, பசிக்கும்போதெல்லாம் தேநீர் குடித்து, முன்பு நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அந்தத் தேநீரோடுதான் விழுங்கியிருக்கிறார். தேநீரோடு போன இரும்புச்சத்தில் உடலில் சேர்வது சொற்பமே. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைப்பது பெரிய உதவிதான். ஆனால் தவணையாக வரும் அந்தப் பணம், இன்று இழந்த கூலிக்கு இன்று மாலையே கைக்கு வராது.

மருத்துவ அலுவலரிடம் பேசி, புறநோயாளிகள் வருமுன் காலையில் முதல் ஆளாக அவருக்கு மருந்து ஏற்ற ஏற்பாடு செய்தேன். அந்த நாட்களில் இலையைக் குறைக்க வேண்டாம் என்று பீடிக்கடைக்காரரையும் கேட்டுக்கொண்டேன், அவர் இணங்கினார். மருந்து ஏற்றி முடிந்தபின், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை மாமியார் ஏற்றார். பேறுகாலத்துக்குள் ஹீமோகுளோபின் அளவு 10-ஐத் தாண்டிவிட்டது.

செவிலியர் போய்ப் பேசினால் பீடிக் கூலி உயர்ந்துவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். உயராது, அது அரசும் தொழிற்சங்கங்களும் செய்ய வேண்டியது. ஆனால் இலவச மருந்துகூட ஓர் ஏழைப் பெண்ணுக்கு எந்த இடத்தில் எட்டாமல் போகிறது என்பதை வீட்டுவாசலில் நின்று காண்பவர் செவிலியரே.

அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. பாபநாசம் மலையிலுள்ள காரையாற்றுக் காணிப் பழங்குடி மக்களைப் போலக் காட்டுக்குள் சிதறி வாழ்பவர்களிடம் போய்ச்சேர எவ்வளவு நடக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த இளம் செவிலியர்களை நான் அறிவேன். வீட்டு வாடகைக்கே தவிப்பவரிடம் ஊரார் துயரையும் சுமக்கச் சொல்வது நியாயமில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

களப்பயிற்சிக்குப் போகும்போது ஹீமோகுளோபின் அளவைக் குறிப்பதோடு, அந்தப் பெண் முதல் வேளை உணவை எத்தனை மணிக்கு உண்கிறார், மருத்துவமனைக்கு வரும் நாளில் எவ்வளவு கூலியை இழக்கிறார் என்பதையும் கேட்டு எழுதி, மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள்.