எலும்புவலிக்கெல்லாம் தண்ணீர்தான் காரணமா?

பதில்கள்: ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர், பாலக்கோடு

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இடுப்புவலிக்கு ஊரில் எல்லோரும் போர் தண்ணீரைத்தான் காரணம் சொன்னார்கள். இப்போது 'மல்டிபிள் மைலோமா' என்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் முதுகெலும்பை எப்படி நொறுக்கும்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அன்புச் சகோதரி, ஊரார் சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். காவியேறிய பற்களையும் குனிய முடியாத முதுகுகளையும் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் நம் போர் தண்ணீரிலுள்ள புளோரைடு என்ற உப்பு எலும்பில் படிந்தால் எலும்பு அடர்த்தியாகும். எக்ஸ்ரேயில் வெளுத்துத் தெரியும். மைலோமா நேர் எதிர். துளைக்கருவியால் குத்தியதுபோல வட்டவட்டமாக ஓட்டைகள் தெரியும்.

இந்த நோய் எலும்பு மஜ்ஜையில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் தொடங்குகிறது. நம் எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. 'ராங்க்-எல்' என்ற புரதம் வந்து ஒட்டினால்தான் கரைக்கும் செல்கள் முதிர்ந்து வேலையில் இறங்கும். மைலோமா அந்தப் புரதத்தைப் பெருக்கி, அதைத் தடுக்கும் 'ஓபிஜி' புரதத்தைக் குறைத்துவிடுகிறது. போதாததற்கு 'டிகேகே-1' என்பதைச் சுரந்து, கட்டும் செல்களையும் முடக்குகிறது. கரையும் எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுநோய்க்கே தீனியாகின்றன. எங்கள் ஆய்வகத்தில் மாட்டெலும்பின் மெல்லிய சீவல்மேல் கரைக்கும் செல்களை வளர்க்கிறோம். செல்களைத் துடைத்துவிட்டுச் சாயம் ஏற்றினால், அவை தின்ற குழிகள் நீலமாகத் தெரியும். ஒரு மருந்தைச் சேர்த்த சீவலில் குழி குறைந்திருந்தால் அன்று எங்களுக்குத் திருநாள்தான்.

'ராங்க்-எல்' புரதத்தையே பிடித்து நிறுத்தும் டெனோசுமாப் ஊசி, 2018இல் அமெரிக்காவில் மைலோமா நோயாளிகளின் எலும்புப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்றது. எலும்பு கரைவதைக் குறைக்கும் இன்னொரு ஊசியான சோலெட்ரானிக் அமிலம் அதற்கும் முந்தியது. எதைப் போடுவதானாலும் முதலில் அப்பாவைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறும்; அவை அதைக் கெடுத்துவிடும். வலிக்கு எது தரலாம் என்பதை அவருடைய மருத்துவரே சொல்லட்டும். கால்சியம் மாத்திரையும் அவரைக் கேட்காமல் வேண்டாம்; கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம்.

கேள்வி: ஒகேனக்கல் குடிநீர் வந்தபிறகும் என் முதுகுவலி போகவில்லை. எனக்கும் புற்றுநோயாக இருக்குமோ?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: பயப்படாதீர்கள், ஐயா. பெரும்பாலான முதுகுவலி புற்றுநோய் அல்ல. பல வருடம் எலும்பில் சேர்ந்த புளோரைடும் நல்ல தண்ணீர் குடித்தவுடன் இறங்கிவிடாது. ஆனால் வலியோடு சோகை, எடை குறைவு, அடிக்கடி சளிக்காய்ச்சல் இருந்தால் தண்ணீர்மேல் பழிபோட்டுக் காலம் கடத்தக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம் மூன்றையும் பாருங்கள். அவற்றில் ஏதாவது சரியில்லை என்றால், மைலோமா செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தைத் தேடும் 'சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ்' பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.