தண்டர்பேர்ட் திறக்கவே நேரமெடுக்கிறது. புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பண்டாரவளையில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். அறைப் பதிவு, பில் எல்லாம் மின்னஞ்சலில்தான். அதற்குத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பாவிக்கிறோம். காலையில் திறந்தால் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை வெள்ளைத் திரைதான். திறந்த பிறகும் மெமரியை இழுத்துக்கொண்டு மற்ற வேலைகளையும் முடக்குகிறது. ரேம் (மெமரி) 4 ஜிபி. டவுன் கடையில் கேட்டால், "மெஷின் பழசு, புதுசு எடுங்க" என்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: உடனே வேண்டாம். கணினியைத் திறந்து பார்க்காமல் சொன்ன ஆலோசனைக்காக அவ்வளவு காசு செலவழிக்காதீர்கள்.

முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் குறை சிக்னலில்தான். மலை மறைக்கும் இடங்களில் இது சகஜம். அப்போதும் இழுத்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எது எவ்வளவு மெமரி, டிஸ்க் எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், தடை ரேம் இல்லை, ஹார்ட் டிஸ்க்.

விடுதிக்காரர்களிடம் அதிகம் இருக்கும் சிக்கல் இன்பொக்ஸ்தான். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அடுக்கி வைக்கிறது. நீங்கள் ஒரு கடிதத்தை அழித்தாலும் அது அந்தக் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. அழித்ததாகக் குறி மட்டும் விழுகிறது. விருந்தினர் அனுப்பிய பாஸ்போர்ட் படம், பில் பிரதி என்று வருடக்கணக்கில் சேர்ந்தால் கோப்பு பல ஜிபிக்குப் போய்விடும். ஃபைல் மெனுவில் 'கொம்பெக்ட் ஃபோல்டர்ஸ்' கொடுத்தால்தான் அழித்தவை உண்மையில் நீங்கும். அதற்கு டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். அதைவிட முக்கியம், முதலில் புரொஃபைல் ஃபோல்டரை (தண்டர்பேர்ட் உங்கள் கடிதங்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் இடம்) வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பது. பொப் (POP) முறையில், அதாவது சர்வரிலிருந்து கணினிக்குக் கடிதங்களை இறக்குகிறீர்கள் என்றால் அவை உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். பிறகு பழைய கடிதங்களை வருடவாரியாகத் தனி ஃபோல்டர்களுக்கு மாற்றி, இன்பொக்ஸை இலேசாக்குங்கள்.

ஜிமெயிலை ஐமேப் (IMAP) முறையில், அதாவது கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும்படி இணைத்திருந்தால் 'ஓல் மெயில்' ஃபோல்டரையும் கவனியுங்கள். ஒவ்வொரு கடிதமும் அங்கே இன்னொரு தடவை இறங்கும். டிஸ்க்கும் வீண், டேட்டாவும் வீண். கணக்கு அமைப்பில் ஒத்திசைவுப் பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டருக்கான சரிக்குறியை எடுத்துவிடுங்கள். கடைசி சில மாதக் கடிதங்கள் மட்டும் கணினியில் இருக்கும்படியும் அங்கேயே வைக்கலாம்.

இன்னும் கனமென்றால், செட்டிங்ஸில் குளோபல் சேர்ச்சை நிறுத்திப் பாருங்கள். எல்லாக் கடிதங்களிலும் ஒரே தடவையில் தேடும் வசதி போய்விடும். ஒரு ஃபோல்டருக்குள் வடிகட்டுவது இருக்கும். கூடுதலாகச் சேர்த்த ஆட்-ஒன்தான் காரணமா என்று அறிய, அவை இல்லாமல் திறக்கும் டிரபிள்ஷூட் மோடை ஹெல்ப் மெனுவில் கொடுக்கலாம். ஏப்ரல், ஒக்டோபர் மாத இடி மின்னலில் கரண்ட் போய் கணினி அப்படியே அணைந்திருந்தால், ஃபோல்டரின் புரொப்பட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள். அப்புறம் ஒன்று: தண்டர்பேர்டுக்குள் ஓடுவது ஃபயர்பாக்ஸின் அதே எஞ்சின். சில நூறு எம்பி எடுப்பது நோய் இல்லை.

இத்தனைக்கும் பிறகு டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், காசு போட வேண்டிய முதல் இடம் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்). பழைய ஹார்ட் டிஸ்க் சாட்டா (SATA) இணைப்பில் இருந்தால், அந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொதுவாகப் பொருந்தும். அடுத்தது ரேமை 8 ஜிபி ஆக்குவது. ரேமில் வகைகள் உண்டு; டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 ஏறாது. இருக்கும் ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதுக் கணினிக்கு உண்மையான காரணம் வேறொன்று இருக்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் விண்டோஸ் 11க்கு பொதுவாக 8ஆம் தலைமுறை புரொசசராவது வேண்டும். உங்களுடையது அதற்கும் பழையதென்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்துங்கள். ரேமுக்குப் போடும் காசைப் புதியதற்குச் சேருங்கள். புதியதில் இடமிருந்தால், எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் இரண்டாவது டிஸ்க்காகப் பாவிக்கலாம்.

எதை வாங்கினாலும் மாடல், உத்தரவாதக் காலம் இரண்டும் எழுதிய பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். மறுத்தால் அந்தச் சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.